எட்டில் செவ்வாய், இரண்டில் சனி: நான் விலகிவிடுவதுதான் அவருக்கு நல்லதா?

அம்பாசமுத்திரம் வட்டாரத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது இருபத்தாறு. தனியார் பள்ளியில் கணித ஆசிரியை. அப்பாவுக்கு ஆற்றுப் பாசனத்தில் கொஞ்சம் வாழைத்தோட்டம், அம்மா பீடி சுற்றுகிறார். 1999-ஆம் ஆண்டு, பிரமாதி வருடம் ஆனி மாதக் கடைசியில் ஓர் இரவு பிறந்தவர். மீன லக்னம் (பிறந்த நேரத்தில் கிழக்கே எழும் ராசிதான் லக்னம்), ரிஷப ராசி. துலாமில் செவ்வாய், மேஷத்தில் சனி. லக்னத்துக்கு எட்டிலும் இரண்டிலும் நின்று இரண்டும் ஒன்றையொன்று பார்க்கின்றன.

மூன்று வருடத்தில் ஒன்பது சம்பந்தம் வந்து, ஒன்பதும் ஜாதகத்தோடு திரும்பிப் போயின. "மாங்கல்ய ஸ்தானத்தில் செவ்வாய், அதைச் சனி பார்க்கிறது, கட்டியவன் நிலைக்க மாட்டான்" என்று ஒரு ஜோதிடர் பெற்றோர் முன்னிலையிலேயே சொல்லியிருக்கிறார். பரிகாரத்துக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம் கேட்டிருக்கிறார்; அதில் வாழைமரத்துக்குத் தாலி கட்டுவதும் அடக்கம். இதற்கிடையில் தூரத்து முறையில் அத்தை மகன் ஒருவர், முப்பது வயது, மருந்துக்கடை வைத்திருப்பவர், இவரை விரும்பிக் கேட்கிறார். இவருக்கும் விருப்பம். அத்தைதான் மறுக்கிறார். அத்தையின் கணவர் நாற்பத்தாறு வயதில் மாரடைப்பால் இறந்தவர்.

தாய்மாமா, பிறந்த தேதியையே செப்டம்பருக்குத் தள்ளி வேறு ஜாதகம் எழுதிவிடலாம் என்கிறார். இந்தப் பெண்ணோ இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு, அவர் பைக்கில் வீடு திரும்பியிருப்பாரா என்று நடுங்குகிறார். மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். அந்தப் பார்வைக்கு என்ன பொருள், அவர் இறந்துவிடுவாரா? ஜாதகத்தை மாற்றி எழுதலாமா? நான் விலகிவிடுவதுதான் அவருக்கு நான் செய்யும் நன்மையா?

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் எட்டுப் பக்கம். ஐந்து பக்கம் கிரகங்களுக்குப் போய்விட்டது. தூக்கம் போனதைப் பற்றியும், ஐந்து கிலோ இளைத்ததைப் பற்றியும், கை நடுங்குவதைப் பற்றியும் நான்கே வரி. நான் அதிக நேரம் நின்றது அந்த நான்கு வரியில்தான். ஆனாலும் நீங்கள் கேட்ட வரிசையிலேயே வருகிறேன். "இதையெல்லாம் நம்பாதீர்கள்" என்று ஒரே வரியில் முடித்தால் நீங்கள் ஏழாவது ஜோதிடரைத் தேடிப் போய்விடுவீர்கள். ஆறு பேரை ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். என் தாத்தா ஜாதகம் கணித்தவர். பள்ளி விடுமுறைகளில் அவருக்குப் பஞ்சாங்கம் எடுத்துக் கொடுத்துக் கட்டம் போடக் கற்றுக்கொண்டேன். பிறகு உளவியல் படித்தேன். பாளையங்கோட்டையில் இத்தனை வருடமாக ஆலோசகராக இருக்கிறேன். ஜாதகத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் உங்கள் வீட்டில் இருக்கிறது, அத்தை வீட்டில் இருக்கிறது, உங்களிடமும் பாதி இருக்கிறது. அதனால் முதலில் ஜோதிடத்தின் கணக்கிலேயே பேசுகிறேன்.

உங்கள் கட்டம் சொல்வது

எல்லாக் கிரகமும் தான் நிற்கும் ராசியிலிருந்து ஏழாம் ராசியைப் பார்க்கும். செவ்வாய்க்கு 4, 8-ஆம் பார்வைகளும், குருவுக்கு 5, 9-ஆம் பார்வைகளும், சனிக்கு 3, 10-ஆம் பார்வைகளும் கூடுதலாக உண்டு. உங்களுக்கு இருப்பது நேருக்கு நேரான ஏழாம் பார்வை. செவ்வாய் நெருப்பு, அவசரம், ரத்தம். சனி குளிர்ச்சி, தாமதம், தடை. தாத்தா இதை ஒரே வண்டியில் பூட்டிய இரண்டு மாடு என்பார்; ஒன்று ஓடப் பார்க்கும், மற்றது படுக்கப் பார்க்கும். பெண் ஜாதகத்தில் எட்டாம் இடத்தை மாங்கல்ய ஸ்தானம் என்றும் இரண்டாம் இடத்தைக் குடும்ப ஸ்தானம் என்றும் சொல்வதால், இந்த இழுபறி அங்கே விழுந்ததும் ஜோதிடர் முகம் மாறுகிறது. உங்கள் ஜோதிடர் இல்லாததைச் சொல்லவில்லை. இருப்பதில் பாதியைச் சொன்னார்.

மறு பாதியைப் பாருங்கள். மேஷத்தில் சனி நீசம், அதாவது பலம் குன்றிய நிலை. நீசமான கிரகத்தை, அது நிற்கும் வீட்டின் அதிபதியே பார்த்தால் நீசபங்கம், அதாவது அந்த நீசம் முறியும் என்பது அவர்களுடைய விதி. மேஷத்தின் அதிபதி யார்? செவ்வாய். எங்கிருந்து பார்க்கிறார்? துலாமிலிருந்து. அதாவது எந்தப் பார்வையைக் காட்டி உங்கள் அம்மாவை அழவைத்தார்களோ, அதே பார்வைதான் சனியின் நீசத்தை முறிக்கிறது என்றும் இன்னொரு பக்கத்தில் எழுதியிருக்கிறது. இதை ஆறு பேரில் ஒருவர்கூடச் சொல்லவில்லை என்பது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. கோபமாகவும் இருக்கிறது.

அடுத்து குரு. 1999 ஜூன், ஜூலையில் குரு மேஷத்தில் சனியோடு இருந்தார். அங்கிருந்து ஏழாம் பார்வையாகத் துலாமில் இருக்கும் செவ்வாயைப் பார்க்கிறார். உங்கள் மீன லக்னத்துக்கு அவர்தான் லக்னாதிபதியும். செவ்வாய் தோஷத்துக்குச் சொல்லப்படும் விலக்குகளில் குருவின் சேர்க்கையும் பார்வையும் எல்லாரும் அறிந்தவை. "குரு பார்க்கக் கோடி நன்மை" என்று கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருபவர்கள்கூடச் சொல்கிறார்கள். உங்கள் வீட்டில் மட்டும் யாருக்கும் நினைவு வரவில்லை.

நம் பக்கத்தில் செவ்வாய் தோஷத்தை 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் பார்ப்பார்கள். லக்னத்திலிருந்து பார்த்துவிட்டு, சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் பார்ப்பது வழக்கம். உங்களுக்குச் சந்திரன் ரிஷபத்தில். அங்கிருந்து செவ்வாய் ஆறாம் இடம். சுக்கிரன் சிம்மத்தில், அங்கிருந்து மூன்றாம் இடம். இரண்டிலும் தோஷம் இல்லை. மிஞ்சுவது லக்னக் கணக்கு ஒன்றுதான். அந்த லக்னமே சந்தேகத்தில் இருக்கிறது. அதற்கு உங்கள் ஆச்சி, அதாவது பாட்டி, சொல்லும் பஸ் கதைக்கு வரும்போது வருகிறேன்.

தாத்தா கடைசிவரை பிடிவாதமாக வைத்திருந்த ஒரு கொள்கை உண்டு. ஒருவருடைய ஆயுளை அவரவர் ஜாதகத்தில்தான் பார்க்க வேண்டும், மனைவி கட்டத்தில் தேடக் கூடாது என்பார். யாராவது வற்புறுத்தினால் பஞ்சாங்கத்தை மூடிவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் திறந்துவிடுவார்.

கணக்கு டீச்சருக்கு ஒரு கணக்கு

இனி என் பக்கத்துக்கு வருகிறேன். நீங்கள் நிகழ்தகவு நடத்துகிறவர். பன்னிரண்டு இடங்களில் ஐந்தில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்றால், லக்னத்திலிருந்து மட்டும் பார்த்தாலே நூற்றுக்கு 42 பேருக்குத் தோஷம். மூன்று இடங்களிலிருந்தும் பார்த்து, எதிலாவது ஒன்றில் சிக்கினால் போதும் என்றால் எவ்வளவு? சிக்காமல் இருப்பதற்கு, பன்னிரண்டில் ஏழு என்ற பின்னத்தை மூன்று முறை பெருக்க வேண்டும். அது ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஆக, ஐந்தில் நான்கு பேருக்கு ஏதோ ஒரு வகையில் செவ்வாய் தோஷம் வந்துவிடும். முழுத் தோஷம், அரைத் தோஷம், கால் தோஷம் என்று பிறகு பங்கு பிரித்துக்கொள்கிறார்கள். இல்லாவிட்டால் ஊரில் கல்யாணமே நடக்காது.

இன்னொன்று உங்களுக்கே உரியது. செவ்வாய் வழக்கமாக ஒரு ராசியில் ஒன்றரை மாதம் இருக்கும். 1999-ல் அது துலாமில் வக்கிரமாகி, அதாவது பின்னோக்கி நகர்வது போலத் தோன்றித் திரும்பியதால், திருக்கணிதப் பஞ்சாங்கப்படி ஜனவரிப் பாதியிலிருந்து ஆகஸ்டுப் பாதி தாண்டும் வரை ஏழு மாதம் அங்கேயே இருந்தது. அந்தக் காலம் முழுவதும் சனி மேஷத்தில்தான். அந்த ஏழு மாதத்தில் உலகில் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் இந்தப் பார்வை இருக்கிறது. இந்தியாவில் அப்போது ஆண்டுக்கு இரண்டரைக் கோடிக்கு மேல் பிறப்புகள். ஏழு மாதத்துக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கோடி. அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு மீன லக்னம் என்று வைத்தால் பன்னிரண்டு லட்சம் பேர், பாதி பெண்கள். ஆறு லட்சம் பெண்களும் தாலியறுக்கப் போகிறார்களா? உங்களோடு பத்தாம் வகுப்பில் படித்தவர்களின் பெயர்களை எழுதுங்கள். அந்த மாதங்களில் பிறந்த தோழிகளைக் குறியுங்கள். எத்தனை பேர் கையில் குழந்தையோடு இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். இதை வெறும் பேச்சுக்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே செய்யச் சொல்கிறேன்.

வானியலாளர் ஜெயந்த் நார்லிகர் 2008-ல் மகாராஷ்டிரத்தில் ஒரு சோதனை நடத்தினார். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் என இரு தரப்பிலும் நூறு நூறு ஜாதகங்களைத் திரட்டிக் கலந்து, எது எவருடையது என்று ஜோதிடர்களைச் சொல்லச் சொன்னார். 27 பேர் ஆளுக்கு நாற்பது ஜாதகம் பார்த்து விடை அனுப்பினார்கள். சரியாக இருந்தவை 46 விழுக்காடு. நாணயத்தைச் சுண்டிவிட்டிருந்தாலே 50 வந்திருக்கும்.

ஆக, முதல் கேள்விக்கு என் பதில்: அந்தப் பார்வைக்கு ஒரு மனிதரின் உயிரை எடுக்கும் பொருள் கிடையாது. ஜோதிடத்தின் கணக்கிலும் அப்படித் தீர்ப்புச் சொல்ல முடியாது. என் கணக்கில் அறவே இல்லை.

தாய்மாமாவின் யோசனையும் ஆச்சியின் பஸ்ஸும்

வேண்டாம். மாமாவின் அன்பு புரிகிறது, வழிதான் தவறு. உங்கள் பள்ளிச் சான்றிதழ், ஆதார், பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றிலும் ஜூலை இருக்கும்போது ஜாதகத்தில் மட்டும் செப்டம்பர் எத்தனை நாள் நிற்கும்? முக்கியமான உண்மையை மறைத்து ஏமாற்றிச் சம்மதம் வாங்கினால் திருமணத்தை ரத்து செய்யக் கோர, இந்து திருமணச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு இடம் தருகிறது. மோசடி தெரிந்த ஓராண்டுக்குள் வழக்குப் போடலாம். ஒரு ஜாதகக் கட்டம் அந்த அளவுக்கு முக்கியமான உண்மையா என்பதை வழக்கறிஞர்கள் வாதாடிக்கொள்ளட்டும். எனக்குக் கவலை வேறு. பொய் ஜாதகத்தோடு அந்த வீட்டுக்குப் போனால், அவருக்கு ஒரு சளிக்காய்ச்சல் வந்தாலும் "நான் மறைத்ததால்தான்" என்று உங்கள் மனம் சொல்லும். இப்போது இரவு இரண்டு மணிக்கு வரும் பயம் அப்போது பகல் இரண்டு மணிக்கும் வரும்.

இனி ஆச்சி. உங்கள் ஜாதகத்தில் பிறந்த நேரம் இரவு 10.50. ஆச்சியோ, "பத்தரை மணிக் கடைசி பஸ் பாலத்தில் ஹாரன் அடித்தபோது பிள்ளை அழுதாகிவிட்டது" என்று இன்றைக்கும் சாதிக்கிறார் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் தந்த தேதிக்கு, நம் ஊர்க் கணக்கில், ஏறக்குறைய பத்தே முக்காலுக்குத்தான் கும்பம் முடிந்து மீனம் பிறக்கிறது. ஆச்சி சொல்வது சரியென்றால் நீங்கள் கும்ப லக்னம். அப்போது செவ்வாய் ஒன்பதில், சனி மூன்றில். எட்டும் இல்லை, மாங்கல்ய ஸ்தானமும் இல்லை, லக்னக் கணக்கில் தோஷமே இல்லை. ஒரு பஸ் ஹாரனில் உங்கள் தலையெழுத்து மாறுகிறது பாருங்கள். (அந்த பஸ் அன்றைக்கு நேரத்துக்கு வந்ததா என்பது வேறு கேள்வி. நம் கடைசி பஸ்களின் குணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.)

பிறந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவப் பதிவேட்டில் நேரம் குறித்திருப்பார்கள். இத்தனை வருடத்துக்குப் பிறகு அது கிடைத்தால் அதிர்ஷ்டம். கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை. கிடைக்காவிட்டால் இரண்டு நேரத்துக்கும் இரண்டு ஜாதகம் எழுதி, "வீட்டில் இப்படி ஒரு சந்தேகம் இருக்கிறது" என்று இரண்டையும் திறந்து வைத்துப் பேசலாம். மாமா செய்ய நினைப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குப் புரியும். ஜோதிடர்களுக்குள்ளேயே கணக்கு ஒன்றாக இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சனி கும்பத்திலிருந்து மீனத்துக்குப் போன பெயர்ச்சியையே, திருக்கணிதப் பஞ்சாங்கம் 2025 மார்ச் 29 என்றது; வாக்கியப் பஞ்சாங்கம் 2026 மார்ச் என்றது. சனி எந்த ராசியில் இருந்தார் என்பதிலேயே ஏறக்குறைய ஒரு வருடம் இரண்டு பஞ்சாங்கமும் ஒத்துப்போகவில்லை.

வாழைமரம்

தொகையைப் படித்ததும் உங்கள் அம்மாவின் விரல்கள்தான் நினைவுக்கு வந்தன. ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு எத்தனை பீடி சுற்ற வேண்டும்? கடன் வாங்கி இந்தப் பரிகாரத்தைச் செய்ய வேண்டாம். பயத்தை உண்டாக்கியவரே அதற்கு மருந்தும் விற்றால் எந்தத் தொழிலிலும் சந்தேகப்பட வேண்டும், என் தொழில் உட்பட.

வாழைமரத்துக்குத் தாலி கட்டி வெட்டிச் சாய்க்கும் சடங்கு இன்னொரு வகையில் கொடுமையானது. நீங்கள் விதவையாகும் காட்சியை உங்களையே நடிக்க வைக்கிறார்கள். பயத்தில் இருக்கும் மனத்துக்கு அது நிவாரணமாக இருக்காது, ஒத்திகையாகத்தான் இருக்கும். "தார் போடுவதற்கு வளர்த்ததை இதற்கு வெட்டவா" என்று உங்கள் அப்பா கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் பக்கம்தான் நான்.

பெற்றோருக்கு ஏதாவது செய்தால்தான் மனம் ஆறும் என்றால் நம் தாமிரபரணி ஆற்றங்கரையிலேயே நவ கைலாயம் என்ற ஒன்பது சிவன் கோயில்கள் இருக்கின்றன. செவ்வாய்க்குக் கோடகநல்லூர், சனிக்கு ஸ்ரீவைகுண்டம். ஆறு போகிற போக்கில் இரண்டுக்கும் நடுவில் குருவுக்கு முறப்பநாடு. உங்கள் ஜாதகத்தைப் பார்த்துவிட்டுக் கட்டியது போல இருக்கிறது. மூன்றுக்கும் ஒரே நாளில் போய்வரலாம். பஸ் கட்டணமும் ஆளுக்கொரு எள் விளக்கும்தான் செலவு. கும்பிட்டு முடித்ததும் படித்துறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். கோயில் வாசலில் பூக்கட்டிப் பார்க்கலாம் என்று அம்மா சொல்வதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். வேண்டாத பூ வந்துவிட்டால் உங்கள் பயத்துக்குத் தெய்வத்தின் முத்திரையும் விழுந்துவிடும்.

அத்தை

உங்கள் கடிதத்தில் நீங்கள் கோபமாக எழுதியிருக்கும் ஒரே ஆள் அத்தை. "ஜாதகம் ஜாதகம் என்று கல் மாதிரி நிற்கிறார்" என்கிறீர்கள். ஆனால் அதே பக்கத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது. கணவர் இறந்த பிறகு யாரோ அத்தையின் ஜாதகத்தை எடுத்துப் பார்த்து, அவருக்கும் செவ்வாய் தோஷம் இருந்ததாகச் சொன்னார்களாம்.

இறந்த பிறகு. பதினொரு வயது மகனோடு நின்ற ஒரு பெண்ணிடம், உன் கட்டம்தான் உன் புருஷனைக் கொன்றது என்று சொல்லியிருக்கிறார்கள். பத்தொன்பது வருடமாக அவர் அதைச் சுமந்துகொண்டிருக்கிறார். மகனைக் காப்பாற்றுவதற்காக அவர் மறுக்கிறார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள், அது சரிதான். நீங்கள் இன்னொரு அத்தையாகிவிடக் கூடாது என்ற எண்ணமும் அதில் கலந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. தோன்றுவதுதான், அவரிடம் பேசினால்தான் தெரியும்.

ஒரு நாள் சாயங்காலம், ஜாதகம் இல்லாமல், தனியாகப் போய்ப் பேசுங்கள். சம்பந்தம் பேசப் போக வேண்டாம். இறந்துபோன அந்த மாமா எப்படி இருப்பார், என்ன வேலை பார்த்தார், அன்றைக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். நெஞ்சுவலி எத்தனை மணிக்கு வந்தது, ஆஸ்பத்திரிக்குப் போக எவ்வளவு நேரமானது, அதற்கு முன்பு சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்திருந்தார்களா, பீடி சிகரெட் உண்டா? அவர் சொல்லச் சொல்ல, ஒரு மனிதர் இறந்த காரணம் மெல்ல மெல்லக் கட்டத்திலிருந்து இறங்கி உடம்புக்கு வந்து சேரும். அப்போது, "அத்தை, மாமா போனதற்கு நீங்கள் காரணமில்லை" என்று உங்களால் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். இதுவரை யாரும் அவரிடம் அதைச் சொல்லாமல் இருந்திருக்கக்கூடும். அவர் உடனே கல்யாணத்துக்குச் சம்மதித்துவிடுவார் என்று நான் உறுதி கூறவில்லை. அழலாம், எழுந்து உள்ளே போய்விடலாம். இரண்டாவது முறையும் போங்கள்.

அந்தப் பேச்சில் இன்னொரு பயனும் உண்டு. உங்களவரின் ஆயுளைப் பற்றி உண்மையாகவே கவலைப்பட வேண்டிய தகவல் அவர் அப்பாவின் நாற்பத்தாறு வயது மாரடைப்பில் இருக்கிறது. அப்பாவுக்கோ உடன்பிறந்த ஆணுக்கோ 55 வயதுக்கு முன்னால் மாரடைப்பு வந்திருந்தால், அந்த ஆளை மருத்துவர்கள் கூடுதல் கவனத்தோடு பார்ப்பார்கள். முப்பது வயதில் அவர் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மருந்துக்கடை வைத்திருப்பவர் தனக்குப் பார்த்துக்கொள்ளாமல் இருப்பதுதான் வழக்கம். இரவில் பைக்கில் வருகிறவர் ஹெல்மெட்டை டேங்க் மேல் வைத்து ஓட்டாமல் தலையில் போட வேண்டும். எட்டாம் இடத்துச் செவ்வாய்க்கு நான் சொல்லும் பரிகாரம் இவ்வளவுதான்.

அவரைப் பற்றி எனக்கு ஒன்று உறுத்தியது. "நீ எப்படி முடிவெடுத்தாலும் எனக்குச் சம்மதம்" என்று அவர் சொல்வதைப் பெருந்தன்மையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. அவருடைய அம்மா, அவருடைய உயிர், அவருடைய கல்யாணம். முடிவு மட்டும் உங்களுடையதா? அம்மாவிடம் உட்கார்ந்து பேச வேண்டிய வேலையில் பாதிக்கு மேல் அவருடையது. அதை அவரிடம் நேராகவே கேளுங்கள். அவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்பது பொருத்தம் பார்ப்பதில் பத்துக்கு வெளியே உள்ள பதினோராவது பொருத்தம்.

இதிலேயே உங்கள் மூன்றாவது கேள்விக்கும் பதில் இருக்கிறது. விலகுவது அவருக்குச் செய்யும் நன்மை ஆகாது. ஜாதகத்தைத் தெரிந்துகொண்டுதான் அவர் உங்களைக் கேட்கிறார். அவரைப் பிடிக்கவில்லை, அந்த வீடு ஒத்துவராது, அவர் வாய் திறக்கவே மாட்டார் என்று தோன்றினால் விலகுங்கள், அவை காரணங்கள். அவர் உயிரைக் காப்பாற்றுவதற்காக என்று விலகினால், அடுத்து வரும் வரனிடமிருந்தும் அதே காரணத்துக்காக விலகுவீர்கள். அத்தை கடைசிவரை சம்மதிக்கவில்லை என்றாலும், இருவரும் வயது வந்தவர்கள். திருமணத்துக்கு ஜாதகம் வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் முதல் வாரத்திலேயே பதிவு அலுவலகத்துக்குப் போகச் சொல்ல மாட்டேன். ஊரையும் உறவையும் விட்டு நீங்கள் வாழப்போவதில்லை. ஆறு மாதம் பேசிப் பாருங்கள்.

இரவு இரண்டு மணி

அந்த நான்கு வரிக்கு வருகிறேன். அவர் வீடு சேர்ந்ததும் போன் செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பத்து நிமிடம் தாமதமானால் நெஞ்சு படபடக்கிறது. போன் வந்ததும் அடங்குகிறது. மறுநாள் ஐந்து நிமிடத் தாமதத்துக்கே படபடக்கிறது. ஜோதிடரிடம் போவதும் இதே சக்கரம்தான். ஒருவர் "பரவாயில்லை" என்றால் இரண்டு நாள் நிம்மதி, மூன்றாம் நாள் "அவர் சரியாகப் பார்த்தாரா" என்ற சந்தேகம். உறுதிமொழி கேட்கக் கேட்கப் பயம் வளரும். அதனால் இன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு யாரிடமும் ஜாதகத்தைக் காட்ட வேண்டாம். இரவில் ஜோதிட வீடியோக்களைப் பார்க்க வேண்டாம். போன் பேச்சை ஒரே தடவையாக, அவர் கடையிலிருந்து கிளம்பும் முன்பு வைத்துக்கொள்ளுங்கள். முதல் பத்து நாள் கஷ்டமாக இருக்கும். கையில் விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். பயம் ஏறி, உச்சிக்குப் போய், தானாகவே இறங்குவதைக் கடிகாரத்தில் பார்க்கலாம்.

இன்னொன்று அவசரம். தூக்கமின்மை, படபடப்பு, கை நடுக்கம், சாப்பிட்டும் எடை குறைவது: இவை பயத்தாலும் வரும், தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் வரும். மனநல ஆலோசகர் என்பதற்காக எல்லாவற்றையும் மனம் என்று நான் சொல்லிவிடக் கூடாது. இந்த வாரமே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அது சரியாக இருந்து, இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கம் வராவிட்டால், பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, போய்ப் பாருங்கள். டீச்சர் அங்கே போனால் ஊர் என்ன சொல்லும் என்று யோசிப்பீர்கள். ஆறு ஜோதிடர் வீட்டு வாசலில் நின்றபோது ஊர் ஒன்றும் சொல்லவில்லையே. நடு இரவில் தாங்க முடியாமல் போனால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் கிடையாது.

தைராய்டு முடிவு வந்ததும் எழுதுங்கள். அத்தையைப் பார்த்துவிட்டு வந்தாலும் எழுதுங்கள். ஆச்சியிடம் மட்டும் நாளைக்கே கேட்டுவிடுங்கள், அந்த ஹாரன் பத்தரை பஸ்ஸுடையதுதானா என்று. அவருக்கு வயது எண்பத்திரண்டு என்று எழுதியிருக்கிறீர்கள்.